அம்மா படம் இருக்கிறதா?

கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கப் போகிற பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அம்மா படம் இருக்கிறதா?" அங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கும். பேரனின் பிறந்தநாள், மகளின் பட்டமளிப்பு, பத்துமலைத் தைப்பூசம், எல்லாம் இருக்கும். அம்மா மட்டும் ஓரத்தில், பாதி முகமாக, கையில் சாப்பாட்டுத் தட்டோடு நகர்ந்துகொண்டிருப்பார். கடைசியில் அடையாளக் கார்டில் உள்ள படத்தையே பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். ஒரு முழு வாழ்க்கைக்கு மிஞ்சியது அரசாங்கம் எடுத்த படம்!

இது இன்று நேற்றுத் தொடங்கிய கதை அல்ல. மலாயாவுக்கு அடையாளக் கார்டு 1948-இல், அவசரகாலத்தோடு வந்தது. 12 வயதைத் தாண்டியவர்கள் படமும் பெருவிரல் ரேகையும் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ தோட்டத்துப் பெண்களுக்கு வாழ்நாளின் முதல் படமே அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆள் யார் என்று போலீஸ்காரருக்குக் காட்டும் படம் அது. அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லும் படம் அல்ல.

வெளிநாட்டுத் தாய்மார்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதிவாக வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தை அசையாமல் இருக்குமா? அதனால் தாயை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் தலைமேல் துணியைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். குழந்தை தெரியும், தாய் வெறும் துணி மூட்டையாகத் தெரிவாள். இன்று துணி இல்லை. அதற்குப் பதில் அம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிரிங்க" என்று எதிரில் நிற்கிறார். மறைவது அதே ஆள்தான்.

"வாங்கம்மா, நீங்களும் நில்லுங்க" என்று கூப்பிட்டால் என்ன பதில் வருகிறது? "என் மூஞ்சிக்குப் படம் ஒரு கேடா? கொஞ்சம் இளைச்ச பிறகு பார்க்கலாம்." பக்கத்தில் நிற்கும் பத்து வயது மகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

உண்மையில் கோளாறு முகத்தில் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1977-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்களிடம் அவர்களுடைய படத்தையும், அதையே இடம் வலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். பெண்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் மாற்றிய படம், ஏனென்றால் கண்ணாடியில் அவர்கள் தினமும் பார்க்கும் முகம் அதுதான். தோழிகளுக்குப் பிடித்ததோ மாற்றாத படம். ஆக, அம்மா வெறுக்கிற அந்தப் படத்தில்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்த அம்மா இருக்கிறார்.

இன்னொன்று, தூரம். கைப்பேசியை 12 அங்குலத் தூரத்தில் பிடித்துத் தன்னைத் தானே எடுத்தால், 5 அடி தள்ளி எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கணக்குப் போட்டுச் சொன்னது. தூரம் செய்த குற்றத்துக்கு மூக்கைத் திட்டி என்ன பயன்?

நிறத்துக்கும் இதே கதை. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் படங்கள் பல ஆண்டுகள் 'ஷெர்லி' என்று அழைக்கப்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் மாதிரிப் படத்தை வைத்தே சரிபார்க்கப்பட்டன. கறுத்த முகங்கள் அதில் இருட்டாகத்தான் விழுந்தன. இன்று கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் முகத்துக்கு வெள்ளையடிக்கிற ஆசை மட்டும் மாறவில்லை. கணினியில் சுண்ணாம்பு பூசித் தருகிற படத்தில் இருப்பது யாருடைய அம்மா? "நிறத்தை மாற்றாதீர்கள்" என்று படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பார்த்தால் தெரியும். மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு, கணவருக்கு என்று எல்லாருக்கும் துணி எடுத்து முடித்த பிறகுதான் அம்மா தனக்கு மலிவாக ஒன்றைப் புரட்டிப் பார்ப்பார். அந்த ஒரு நாள் மட்டும் வரிசையை மாற்றிப் பார்க்கட்டும். பிடித்த சேலை, ஒரு முழம் மல்லிகை, ஒரு மணி நேரம். ஸ்டூடியோவுக்குப் போக வசதி இல்லையென்றால் வீட்டு ஜன்னலே போதும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார்ந்து, 5 அடி தள்ளி மகனோ மகளோ எடுக்கட்டும். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம், நரையை மறைக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்கிற கணவருக்கு, அடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வரலாம்.

படம் எடுத்தால் எல்லாம் தீரும் என்பதும் பொய். பிள்ளை பெற்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பும் நீடித்தால் அது நோய். அதைக் கண்டுபிடிக்க 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகளை இன்று உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். தாய்சேய் நலக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டிய நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், பல பிள்ளைகளுக்குத் தாய். 48 வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கேமராவில்தான் தொழில் பழகினார். 1875-இல் இலங்கைக்குக் குடிவந்து, களுத்துறையில் உழைக்கும் பெண்களையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். லண்டன் பிரபுக்களைப் பார்த்த அதே கவனத்தோடு அவர்களையும் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

அதனால் எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் ஒரு பிரதியாவது அச்சடித்து, பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் எழுதி வைக்க வேண்டும். 'அம்மா' என்று மட்டும் எழுதினால் போதாது. அவருடைய பெயரையும் எழுத வேண்டும்.