இழுக்க வேண்டாம், தொட்டால் போதும்

முதியவர்களுக்காக ஒரு செயலி என்றால் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறவர்கள் உண்டு. ஜப்பானின் மசாக்கோ வகாமியா 2017-இல், தம் 81-ஆவது வயதில் வெளியிட்ட 'ஹினாடான்' என்ற விளையாட்டு அப்படிப்பட்டதல்ல.

1935-இல் பிறந்த மசாக்கோ வங்கி வேலையில் சேர்ந்தபோது கணக்குப் போட்டது மணிச்சட்டத்தில். ஓய்வு பெறும் தறுவாயில்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை ஓடவைக்கவே மூன்று மாதம் பிடித்ததாம்! வயதான தாயைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்தவருக்கு, மூத்தவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் 'மெல்லோ கிளப்' பேச்சுத்துணை ஆனது. பிறகு தம் வயதுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். எக்ஸெல் கணக்கு யாருக்கு வேண்டும்? கட்டங்களில் வண்ணம் நிரப்பிச் சித்திர வடிவங்கள் போடக் காட்டினார். அவை விசிறியிலும் பையிலும் அச்சேறின.

செல்போன் விளையாட்டுகளில் மட்டும் ஒரு குறை. எல்லாமே விரல் வேகத்தை நம்பியவை. இளைஞர்களிடம் தோற்றே ஆகவேண்டும். மூத்தவர்களுக்கென்று ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், பலன் இல்லை. தாமே ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியைப் படிக்க உட்கார்ந்தார். வெளியூரிலிருந்த ஒருவர் இணையம் வழியே பாடம் சொன்னார்.

மார்ச் 3-ஆம் தேதி ஜப்பானில் பெண்குழந்தைகளுக்கான ஹினா விழா. நம்மூர் நவராத்திரிக் கொலுபோல அங்கும் படிகட்டிப் பொம்மை வைப்பார்கள். 'ஹினாடானில்' நான்கு படிகள், பன்னிரண்டு பொம்மைகள். அரச தம்பதி மேலே; பணிப்பெண்கள், இசைவாணர்கள், அமைச்சர்கள் அடுத்தடுத்து. யார் எங்கே என்று தெரிந்தால்தான் ஜெயிக்கலாம். இதில் பேரனைவிடப் பாட்டிக்கே வாய்ப்பு அதிகம்.

பொம்மையை விரலால் இழுத்துக்கொண்டுபோக வேண்டியதில்லை. பொம்மையைத் தொட்டு, பிறகு இடத்தைத் தொட்டால் போதும். வயதானால் விரல்தோல் வறண்டுவிடும். திரையில் தேய்த்து இழுக்கும்போது தொடுகை பாதி வழியில் அறுந்துபோகும். சின்ன விஷயம்தான். ஆனால் இருபத்தைந்து வயது வடிவமைப்பாளரின் விரலுக்கு அது எப்படித் தெரியும்?

2017 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் மசாக்கோவைக் கலிஃபோர்னியாவில் நடந்த தன் மென்பொருளாளர் மாநாட்டுக்கு அழைத்தது. அதன் தலைவர் டிம் குக்கிடமே செயலியைக் காட்டி விளக்கினார். சில மாதங்களில், நூறாண்டு வாழ்வுக்குத் திட்டமிடும் ஜப்பானிய அரசுக் குழுவில் மசாக்கோவுக்கும் இடம் கிடைத்தது.