போன புற்றுநோய் திரும்புவது யார் செயல்?



பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறோம். இதைப் பொதுக்கூட்டத்தில் பேசலாமா என்று சிலருக்கு வெட்கமாயிருக்கலாம். அந்த வெட்கந்தான் பல தாய்மார்களின் உயிரைக் குடித்து வருகிறது.

இந்நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிகிறது. வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைந்து போதல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவையே அடையாளங்கள். அஜீரணம் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு அறுவை செய்கிறார்கள். பிளாட்டினம் சேர்ந்த மருந்தை ஏற்றுகிறார்கள். கட்டி கரைகிறது. ஆனால் முற்றிய நிலையில் கண்ட நோய், பெரும்பாலோருக்குச் சில வருஷங்களில் திரும்பி விடுகிறது. உடனே "அவள் தலையெழுத்து" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: தலையெழுத்தானால் கட்டி முதலில் கரைந்தது ஏன்? எழுதியவன் இடையில் தூங்கி விட்டானா?

தோழர்களே! வயலில் கோரையை அறுத்தால் வயல் சுத்தமாய்த் தெரிகிறது. ஒரு மழை பெய்தால் மறுபடியும் முளைக்கிறது. அது கடவுள் செயலா? மண்ணுக்குள் கிழங்கு இருந்தது என்பது உழவனுக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் புற்றுநோயிலும் அத்தகைய கிழங்கைத் தேடினார்கள்.

நம் உடம்பில் அழியும் செல்களுக்குப் பதில் புதியவற்றைப் பிறப்பிக்கும் செல்களுக்கு ஸ்டெம் செல் என்று பெயர். கட்டிக்குள்ளும் அக்குணமுள்ள சில செல்கள் இருந்து, மருந்துக்குத் தப்பி, மறுபடியும் கட்டியை வளர்க்கின்றன என்பது அவர்கள் கருத்து. புனேயிலுள்ள தேசிய செல் விஞ்ஞான மையத்தில் ஷர்மிளா பாபட் அம்மையாரும் கூட்டாளிகளும் 2005ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயுற்ற பெண்ணின் வயிற்றில் சேர்ந்த நீரிலிருந்து அத்தகைய செல்களைப் பிரித்து, அவை எலிகளில் கட்டியை உண்டாக்குவதைக் காட்டினார்கள். 2013ல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார், எலியின் சினைப்பையும் கருக்குழாயும் சந்திக்கும் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் தங்குவதையும், அவை எளிதில் புற்றாக மாறுவதையும் கண்டார்கள்.

இதோடு விஷயம் முடிந்து விட்டதா? இல்லை. மனிதரில் பல கட்டிகள் கருக்குழாயின் முனையில் தொடங்குவதையும் கண்டிருக்கிறார்கள். எந்தச் செல் கிழங்கு என்று அடையாளம் காண்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் நடப்பதே அறிவின் பெருமை. தன் சொல்லைத் தானே சோதிக்கும் புரோகிதனை நாம் கண்டதில்லை. ஆகவே, ஸ்டெம் செல் ஊசி போட்டால் இப்புற்றுநோய் பறந்து விடும் என்று பணம் பறிப்பவனையும் பூசாரியைப் போலவே தள்ளுங்கள். கட்டியிலுள்ள ஸ்டெம் செல்லை ஒழிக்க வழி தேடும் ஆராய்ச்சி வேறு. அப்பெயரைச் சொல்லி ஊசி விற்பது வேறு.

தாய்மார்களே! உப்புசமும் வலியும் வாரக்கணக்கில் நீடித்தால் கயிறு மந்திரித்துக் கட்டாமல் டாக்டரிடம் செல்லுங்கள். தாய்க்கோ அக்காளுக்கோ இந்நோயோ மார்புப் புற்றுநோயோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தோழர்களே! நோய் திரும்பினாலும் வைத்தியம் உண்டு, விதியென்று கைவிடாதீர்கள். கோரைக்குக் கிழங்கைத் தேடுகிற புத்தியை நம் வீட்டுப் பெண்களின் உயிருக்கும் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் நிறுத்திக் கொள்கிறோம்.