புகார் சொல்வது தப்பா?



“அவங்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்” என்று நம்ம கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். தாங்குவது என்றால் சுமப்பது, பிடித்து நிறுத்துவது. சென்னை, காஞ்சிபுரம் பக்கம் ஏரிக்கே தாங்கல் என்று பெயர் உண்டு. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தாங்கல் தண்ணீரைத் தாங்குகிறது. மனத்தாங்கல் வருத்தத்தைத் தாங்குகிறது. ஏரிக்கு மதகு இருக்கு, கலங்கல் இருக்கு. மனசுக்கு வழி விடாவிட்டால் ஒருநாள் கரை உடையத்தான் செய்யும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒரு அக்கா உள்கடன் கேட்டார். இரண்டு முறை தள்ளிப்போச்சு. காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சேமிப்பை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தவர், ஒருநாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை. குழுவில் ஒரு ஆள் குறைந்துபோச்சு.

அவர் ஏன் வாய் திறக்கவில்லை? புகார் சொல்கிறவள் சண்டைக்காரி என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம்தான்.

ஆனால் புகார் என்ற சொல்லைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்கும் புகார் என்று பெயர், அது வேறு. நாம் கொடுக்கிற புகார் இந்தி, உருதுவிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் கூப்பிடுவது, குரல் கொடுப்பது என்று அர்த்தம். பெரியவர்கள் சொல்லும் ‘பிராது’, பாரசீகத்தின் ‘ஃபரியாத்’. உதவி கேட்டு எழுப்பும் குரல் அது. இரண்டிலும் கோளும் இல்லை, சண்டையும் இல்லை. “கொஞ்சம் இங்க பாருங்க” என்று கூப்பிடுவதுதான் இருக்கு.

கலெக்டர் ஆபீஸிலேயே திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் நடக்குது. நம்ம குழுவில் ஐந்து நிமிஷம் ஒதுக்க முடியாதா? கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், “யாருக்காவது குறை இருக்கா?” என்று ஊக்குநர் கேட்கட்டும். சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதற்குப் பதில் சொல்வோம். குழாயடியில் பேசுவதைக் கூட்டத்தில் பேசுவோம்.

தாங்கிக்கொள்வதுதான் பொம்பளைக்குப் பெருமை என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். தாங்கினது போதும், கூப்பிடுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தானே குழு வைத்திருக்கிறோம்!