கதையாகவும் கரையாகவும்: மின்னணு நடன இசைக் காணொளிகளைப் பார்க்கும் முறை

காஞ்சிபுரத்தில் உருவங்களைப் பார்ப்பதற்கு இரண்டு மரபுகள் உள்ளன. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகையில் பல்லவ அரச மரபின் வரலாறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையிட்டு நிற்கிறது. பார்ப்பவர் முடிசூட்டிலிருந்து போருக்கும் போரிலிருந்து அரசவைக்கும் நகர்ந்து கதையைத் தொடர்கிறார். அதே ஊரின் தறியில் நெய்த பட்டுப்புடவையின் கரையிலோ கதை இல்லை. ஒரே உரு திரும்பத் திரும்ப வர, அது எந்த இடைவெளியில் வருகிறது, முந்தியில் எவ்வாறு மாறுகிறது என்பதிலேயே கண் நிலைக்கிறது. மின்னணு நடனப் பாடல்களின் காணொளிகள் பொருளற்றவை என்று கருதுவோர், இரண்டாம் வகைப் பார்வையைக் கோரும் படத்தில் முதல் வகைக் கதையைத் தேடி ஏமாறுகின்றனர்.

மின்னணு நடன இசை என்பது மின்னணுக் கருவிகளாலும் கணினியாலும் உருவாக்கப்பட்டு, ஆடுவதற்கென்றே சீரான தாளத்தில் அமைந்த இசை. அதன் அடிப்படை அலகு 'லூப்', அதாவது சில நொடிகளே நீளும் ஒலித்துண்டு இடைவிடாமல் சுழல்வது. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்னும் தாளப்பொறியில், ஒரு சுற்று 16 கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அடி விழ வேண்டுமா வேண்டாமா என்பது குறிக்கப்படுகிறது. தறியில் உரு நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியில் சுழலும் அட்டைகளும், துளை இருந்தால் பாவு இழை உயரும், இல்லையெனில் உயராது என்ற இதே முறையில்தான் உருவைப் பிறப்பிக்கின்றன. ஆகவே நெசவறிந்த ஊருக்கு இவ்விசையின் உள்ளமைப்பு அந்நியமானதன்று.

இதைக் கண்ணுக்குக் காட்டிய மிகச் சிறந்த படம், பிரான்சின் டாஃப்ட் பங்க் இரட்டையரின் 'அரவுண்ட் தி வேர்ல்டு' பாடலுக்கு 1997இல் மிஷேல் கோந்த்ரி இயக்கியது. பாடல் வரி ஒன்றே ஒன்றுதான், கதையும் இல்லை. வட்ட மேடையில் ஐந்து குழுக்கள் ஆடுகின்றன: இயந்திரக் குரலுக்கு ரோபோக்கள், தாளப்பொறிக்குத் துணி சுற்றிய மம்மிகள், கிதாருக்கு எலும்புக்கூடுகள், மேல்சுருதி விசைப்பலகைக்கு நீச்சலுடைப் பெண்கள், அடித்தந்தி கிதாருக்கு உயரமான விளையாட்டு வீரர்கள். அடித்தந்தியின் சுரங்கள் ஏறி இறங்கும்போது அவ்வீரர்கள் படிகளில் ஏறி இறங்குவதைக் கவனித்த ஒருவரால், அடுத்த முறை கண்ணை மூடிக் கேட்டாலும் அந்த ஒலியைத் தனியே பிரித்தறிய முடிகிறது. காது தவறவிட்டதைக் கண் கற்றுக்கொடுக்கும் இந்த ஆற்றலே இவ்வகைக் காணொளியின் உண்மையான பயன்; பளபளப்பான ஒளியும் உடையும் அதற்குப் பிற்பட்டவையே.

கோந்த்ரியே 2002இல் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 'ஸ்டார் கிதார்' பாடலுக்கு ரயில் சன்னல் காட்சியை எடுத்துக்கொண்டு, ஓர் ஒலி திரும்பும்போதெல்லாம் அதற்குரிய கம்பமோ கட்டடமோ திரும்ப வருமாறு அமைத்தார்.

தமிழுக்கு வரும்போது இப்பார்வை மட்டும் போதாது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடி, அமித் கிருஷ்ணன் காணொளி இயக்கி, 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' முழுமையான மின்னணு நடனப் பாடல் அன்று. ஒப்பாரியின் சாயலும் நாட்டார் தாளமும் கணினி ஒலியோடு அதில் கலந்துள்ளன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டில் நிலமற்றவராக வாழ்ந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இக்காணொளியில் நேரிலேயே தோன்றுகிறார். தாளத்தின் சுழற்சியை மட்டும் பின்தொடர்ந்தால் வயலும் காடும் அழகிய பின்புலங்களாகவே எஞ்சும். அவை உழைத்தவர்களுக்கு உரிமையாகாத மண் என்று அறிந்து பார்க்கும்போதுதான் அவ்வாட்டத்தில் கொண்டாட்டத்தோடு உரிமைக் கோரலும் கேட்கிறது. இப்பாடலை அதே ஆண்டில் பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்னேக் நடன அரங்குகளுக்கு ஏற்ப மறுகலவை செய்தார். மூலக் காணொளியைக் காணாமல் மறுகலவையை மட்டும் கேட்டு ஆடுபவருக்குத் தாளம் முழுமையாகக் கிடைக்கிறது, வள்ளியம்மாள் கிடைப்பதில்லை.