முரண்டு பிடிக்கும் பழைய டீசல் பிக்கப்

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நீலகிரியில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். கேத்திப் பக்கம் கேரட் மூட்டை ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டிய பழைய பிக்கப் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏலத்துக்குப் பிந்தினால் விலை போய்விடுமே என்று டிரைவர் சாவியை விடமாட்டார். பேட்டரி இறங்கிவிடும். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டுச் சரிவில் தள்ளுவார்கள்.

அந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிற மெக்கானிக்கின் திறமையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கும் மிக உயர்ந்த கைத்திறன்களில் ஒன்று அது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை என்கிற வருத்தமும் எனக்கு உண்டு.

டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போலத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்குகிறோம். பீஜோ என்ஜின் போட்ட பழைய மஹிந்திரா வண்டிகளில் 20 மடங்குக்கு மேல் நெருக்குகிறது. அந்த நெருக்கலில் காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூடு போதாது என்பதால்தான் இந்த வகை என்ஜின்களில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நெருக்குவதற்குக் காற்றே குறைவு, இருக்கும் காற்றும் சில்லென்று இருக்கிறது. அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் வண்டி மேலே வந்தால் மக்கர் பண்ணுகிறது. மலை புதிதாக ஒரு கோளாறை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்த சின்னக் குறையை வெளியே கொண்டுவருகிறது.

நல்ல மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் செய்வது இரண்டே வேலை. செல்ஃப் சுற்றும் வேகத்தைக் காதால் கேட்கிறார், சைலன்சரைக் கண்ணால் பார்க்கிறார். செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மற்ற எதையும் யோசிக்காமல் பேட்டரியிலும் கேபிளிலும் தொடங்குவார். பூத்துப்போன டெர்மினல், தளர்ந்த பாடி எர்த், தேய்ந்த கார்பன் பிரஷ் ஆகியவையே பாதி வழக்கை முடித்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் மீட்டர் வைத்து, 12 வோல்ட் சுமார் 10-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் புகைதான் சாட்சி. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும், நாசில் தெளிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும், பம்ப் டைமிங்கைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷனைச் சந்தேகிப்பது கடைசியில்தான். புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை பம்புகளை அநியாயமாகக் கழற்றியிருக்கிறார்கள்!

இதில் மிகவும் அலைக்கழிப்பது, ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் அடம்பிடிப்பது. பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி டிரைவரைப் பொய்யராக்கும். இப்படி வந்த ஒரு வண்டியைக் குன்னூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். வேறிடத்தில் பம்ப் வேலை பார்த்தும் சரியாகவில்லை. அங்கிருந்த மெக்கானிக் பெரியவர் பானெட்டைத் திறக்காமல் டிரைவரிடம் கேட்டார்:

"ராத்திரி வண்டிய எப்படி நிறுத்துவ தம்பி? மேட்டப் பாத்தா, பள்ளத்தப் பாத்தா?"

"மேட்டப் பாத்துத்தாங்கண்ணா. எங்க வாசல்ல அப்படித்தான் நிறுத்த முடியும்."

"ரெண்டு நாளைக்குத் திருப்பி நிறுத்திட்டு வா."

பள்ளம் பார்த்து நிறுத்திய காலைகளில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பெரியவருக்கு அதுவே போதும். மூக்கு மேலே இருந்தால் என்ஜின் உயரத்திலும் டேங்க் தாழ்விலும் இருக்கும். பைப்பில் எங்கேயோ காற்று புகுவதால், ராத்திரியோடு ராத்திரியாக டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட பைப்பில் ஓட்டை இருந்தால் என்ஜின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. அது உறிஞ்சும் பக்கம், காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஒழுகலைத் தேடுபவர்களுக்கு இது அகப்படாமல் போவது இதனால்தான்.

அவர் டீசல் வரும் வழியில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸை இடையில் மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் மணிமணியாகக் காற்றுக்குமிழி போனது. இணைப்பு இணைப்பாகப் பின்னோக்கிப் போய், நசுங்கிப்போன ஒரு செம்பு வாஷரில் நின்றார். அதை மாற்றி, ஃபீட் பம்பைக் கையால் அடித்துக் காற்றெடுத்தார். ஹோஸில் டீசல் குமிழி இல்லாமல் தெளிவாக ஓடியது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான் மாற்றி, எதிலாவது சரியாகாதா என்று பார்க்கும் வழக்கம் பெருகிவிட்டது. முதலில் ஹீட்டர், அப்புறம் நாசில், அப்புறம் பம்ப், கடைசியில் என்ஜின் வேலை. செலவெல்லாம் வண்டிக்காரர் தலையில். இன்னும் மோசம், ஈதர் ஸ்பிரேயைக் காற்று போகும் வழியில் அடிப்பது. ஹீட்டர் பிளக் கனன்றுகொண்டிருக்கும்போது அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடும். நாசில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் ஆர்வக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கம்ப்யூட்டர் இல்லாத என்ஜின் என்பதால் பழைய டீசலை மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சத்தம், புகை, குமிழி, வண்டி நிற்கும் சாய்வு என்று தன் கோளாறை அது வெளிப்படையாகவே காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் அந்த வண்டி இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். காலையில் மட்டும் மக்கர் பண்ணும் வண்டியைச் சூடாக ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டாதீர்கள். முந்தின ராத்திரியே பட்டறையில் விட்டுவிடுங்கள், மெக்கானிக் தன் கையால் முதல் செல்ஃப் அடிக்கட்டும். கோளாறு ஒரு செம்பு வாஷரோடு முடிந்துவிட்டால், வாஷர் விலையைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். கண்டுபிடித்ததற்கு உரிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.