மானியம் மொழிக்கு, சலுகை கூலிக்கு

பெங்களூர் லிங்கராஜபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை



கர்நாடக அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிப் பேசத் தமிழர்கள் கூட்டம் போடுகிறார்கள் என்றதும் சிலர் முடிவே கட்டியிருப்பார்கள். கன்னடப் படத்துக்குக் கொடுக்கும் சப்சிடியைத் தமிழ்ப் படத்துக்கும் கொடு என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அதைக் கேட்க நான் மேடை ஏறவில்லை. கன்னடப் படத்துக்கும், துளு, கொங்கணி, கொடவா, பியாரி, பஞ்சாரா மொழிப் படங்களுக்கும் இந்த மாநிலம் தரும் மானியத்தில் ஒரு பைசாகூட நமக்கு வேண்டாம். கொங்கணி தவிர, அந்த மொழிகளுக்கு வேறு அரசு கிடையாது. தமிழுக்குச் சென்னையில் ஒரு கோட்டை இருக்கிறது. பியாரி மொழிக்கு எங்கே இருக்கிறது? 2011இல் வந்த ‘பியாரி’ என்ற படம் தேசிய விருதில் மராத்திப் படமான ‘தேவூள்’ உடன் சிறந்த படத்துக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டது. அந்த மொழியில் எடுக்கப்பட்ட முதல் படமே அதுதான். இப்படிப்பட்ட மொழிகளில் படம் வர வேண்டுமானால் அரசு கைகொடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

என் வழக்கு வேறு. ஒரு மொழியை வாழவைப்பது ஒரு காரியம்; மாநிலத்தில் வேலையும் கூலியும் பெருகச் செய்வது இன்னொரு காரியம். முதலாவதற்கு மொழிதான் அளவுகோலாக இருக்க முடியும். இரண்டாவதற்கும் அதையே அளவுகோலாக வைத்தால் அது அநியாயம் மட்டுமல்ல, கணக்குத் தெரியாத காரியமும்கூட. இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 மார்ச்சில் முதலமைச்சர் சித்தராமையா தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவிக்கப்பட்டது. மைசூரில் திரைப்பட நகரத்துக்கு 150 ஏக்கர் நிலமும் சொல்லப்பட்டது. சினிமா ஒரு தொழில் என்று அரசே சொன்ன பிறகு, தொழிற்சாலையிடம் கேட்கும் கேள்வியைத்தான் அதனிடமும் கேட்க வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குச் சலுகை தரும்போது அங்கே தயாராகும் சாமான் எந்த மொழி பேசும் என்றா கேட்கிறார்கள்? எத்தனை பேருக்கு வேலை என்றுதானே கேட்கிறார்கள்?

கர்நாடகத்தின் பழைய கதையே என் பக்கம் சாட்சி சொல்கிறது. 1950களில் கன்னடப் படங்களில் பெரும்பாலானவை சென்னை ஸ்டுடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. வசனம் கன்னடம், ஆனால் லைட்மேனின் பேட்டாவும், தச்சரின் கூலியும், லேப் கட்டணமும் கோடம்பாக்கத்தில் தங்கிவிட்டன. அந்த வலி நியாயமான வலி. 1960களின் பிற்பகுதியில், இந்த மாநிலத்துக்கு மைசூர் என்றே பெயர் இருந்த நாளில், அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியதற்கும், பெங்களூரில் கண்டீரவா ஸ்டுடியோ எழுந்ததற்கும் பின்னால் இருந்த தவிப்பு அதுதான்: படம் இங்கே எடுக்கப்பட வேண்டும், காசு இங்கே புழங்க வேண்டும். கேரளமும் அதையே செய்தது. 1975இல் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அமைத்து, திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோவைக் கட்டி, அங்கே வேலை செய்யும் படத்துக்குச் சலுகை என்றது. ஆக, கன்னட சினிமாவைச் சென்னையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த வாதம் மொழி வாதம் மட்டுமல்ல. வேலை எங்கே நடக்கிறது என்ற வாதம். அன்று அந்த வாதம் சரியென்றால் இன்றும் சரிதான்.

“வெளியாள் வந்து நம் பணத்தைக் கொண்டுபோவான்” என்பது முதல் ஆட்சேபம். யார் வெளியாள்? டாக்டர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டத்தில், தாளவாடிப் பக்கம் இருக்கிறது. பிறந்த ஊரை வைத்து விதி எழுதினால் கன்னட சினிமாவின் முதன்மை நாயகனே தகுதி இழப்பார். ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னையும் ‘கப்பலோட்டிய தமிழ’னையும் எடுத்த பி.ஆர்.பந்துலு கோலார் மாவட்டத்துக்காரர். அதே கையால் ‘கித்தூர் சென்னம்மா’வையும் எடுத்தார். கன்னடப் புதிய அலையின் தொடக்கம் என்று எல்லோரும் கொண்டாடும் ‘சம்ஸ்காரா’வை 1970இல் இயக்கிய பட்டாபிராம ரெட்டி தெலுங்கர்; ஒளிப்பதிவு செய்த டாம் கோவன் ஆஸ்திரேலியர். பிறப்பைப் பார்த்தும் தாய்மொழியைப் பார்த்தும் வடிகட்டியிருந்தால் கன்னடத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். இவர்கள் கர்நாடகத்தில் வரி கட்டுகிறவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். இங்கே குடியிருந்து இங்கே கூலி வாங்கும் எலக்ட்ரீஷியன், பெயின்டர், டைலர், டிரைவர் எல்லோரும் கர்நாடகத் தொழிலாளிகள். வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது சம்பளப் பட்டியலில் ஒரு பத்தி அல்ல.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு கன்னடப் படம் முழுக்க ஹைதராபாத்தில், அங்குள்ள ஆட்களை வைத்து எடுக்கப்படுகிறது. ஒரு தமிழ்ப் படம் அறுபது நாள் கர்நாடகத்தின் சகலேஷ்புரத்தில் தங்கி, உள்ளூர் லாட்ஜில் படுத்து, உள்ளூர் வண்டியும் ஜெனரேட்டரும் எடுத்து, நூறு உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கிறது. மொழி ஒன்றே தகுதி என்றால் முதல் படத்துக்குத் தொழில் சலுகை உண்டு, இரண்டாவதற்கு இல்லை. முதல் படத்துக்குப் பண்பாட்டு மானியம் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தொழில் வளர்ச்சி என்று கணக்கில் எழுதாதீர்கள். மேலும், படத்தின் மொழி எது என்பதே இன்று எளிதில் சொல்ல முடியாததாகிவிட்டது. ‘கேஜிஎஃப்’ ஐந்து மொழிகளில் வெளியானது. கதை நடப்பதோ கோலார் தங்கவயலில். அந்தச் சுரங்கங்களில் உயிரைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் கூலிகள் என்பதைப் படம் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் நினைத்தார்களோ!

சட்டமும் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆந்திர அரசு தெலுங்குப் படத்துக்கு ஒரு கேளிக்கை வரி, மற்ற மொழிப் படத்துக்கு அதைவிடக் கூடுதல் வரி என்று வைத்திருந்தது. ஆசீர்வாத் ஃபிலிம்ஸ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், மொழியை மட்டும் காரணமாக்கி வரியில் பாகுபாடு காட்டுவது அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரண் என்று அதைத் தள்ளியது. மானியம் வேறு, வரி வேறு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தாய்மொழியை வளர்க்கக் கொடுப்பதற்கும் பிற மொழியைத் தண்டிப்பதற்கும் நடுவில் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் விதியில் தெளிவாகப் போடுங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பார்த்துவிடுவோம்; இங்கே கைதட்டல் குறையும் என்று தெரிந்தே சொல்கிறேன். தமிழ்நாடு என்ன செய்தது? 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றது. ‘எம்டன் மகன்’ அவசரமாக ‘எம் மகன்’ ஆனது. ‘ஜில்லுனு ஒரு காதல்’ போய் ‘சில்லுனு ஒரு காதல்’ வந்தது. போஸ்டரில் தமிழ் வாழ்ந்தது; வசனத்தைக் கேட்டவர் யார்? 2011இல் ஆட்சி மாறியதும் விதி மாறியது. ‘யு’ சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டுக்கு உகந்த கதை வேண்டும் என்றார்கள். பண்பாட்டுக்கு உகந்தது எது என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானித்தால் என்ன நடக்கும்? எதிர்க்கட்சிக் குடும்பத்துப் படமான ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’க்கு வரிவிலக்கு மறுக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. சரி தவறு யார் பக்கம் என்பது எனக்கு முக்கியமில்லை. அதிகாரியின் ரசனைக்கு இடம் கொடுக்கும் எந்த விதியும் ஆளுங்கட்சியின் கைக்கருவியாகும் என்பதுதான் பாடம். பெங்களூரில் நியாயம் கேட்கிறவன் சென்னையிலும் அதே நியாயத்தைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் எடுக்கப்படும் கன்னடப் படம் அங்குள்ள தொழிலாளிக்குக் கூலி கொடுத்தால் அதற்கும் தொழில் சலுகை உண்டு என்று சென்னையில் எந்த அரசிடம் கேட்டாலும் நான் இதே வார்த்தையில்தான் கேட்பேன்.

இரண்டு அளவுகோலையும் சேர்த்து வைக்க முடியுமா என்றால், உத்தரப் பிரதேசமே வைத்திருக்கிறது. அவதி, பிரஜ், போஜ்புரி போன்ற உள்ளூர் மொழிகளுக்கு மானிய விகிதம் அதிகம். மற்ற மொழிகளுக்குக் குறைவு, ஆனால் உண்டு. மாநிலத்துக்குள் எத்தனை நாள் படப்பிடிப்பு நடந்தது என்பதை வைத்து உச்சவரம்பு ஏறுகிறது. மத்திய அரசும் 2022இல் வெளிநாட்டுப் படங்களுக்கு ஊக்கத்தொகை அறிவித்தபோது, யூனிட்டில் 15 சதவீதமாவது இந்தியர்களாக இருந்தால் கூடுதலாக 5 சதவீதம் என்றது. லக்னோவுக்கும் டெல்லிக்கும் தெரிந்த கணக்கு விதான சௌதாவுக்குத் தெரியாதா?

கடைசி ஆட்சேபம்தான் கனமானது: சலுகை என்றாலே பொய் பில்தான். உண்மை. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 2002இல் பெரிய அளவில் வரிச்சலுகை கொடுக்கத் தொடங்கியது. செலவை ஊதிக் காட்டியவர்கள் சிறை போனார்கள், சினிமாத் துறையைக் கவனித்த அதிகாரியே லஞ்ச வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மிச்சிகன் மாநிலம் செலவில் 42 சதவீதம் வரை அள்ளிக் கொடுத்துவிட்டு, 2015இல் கடையை மூடியது. ஆனால் அங்கே தோற்றது எது? மொத்தச் செலவுக்கும், வந்து போகும் நட்சத்திரத்தின் சம்பளத்துக்கும் சேர்த்துக் கொடுத்த தாராளம். நான் கேட்பது அது அல்ல. நாயகனின் சம்பளத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். கர்நாடகத்தில் குடியிருப்பவருக்கு, வங்கிக் கணக்கில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்துக் கொடுத்த கூலிக்கு மட்டும் கணக்கு. படம் வெளியான பின், கணக்குத் தணிக்கை முடிந்த பின் பணம். யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் பொதுவில். பொய் பில் எழுதுகிறவனுக்கு லாரி வாடகை எழுதுவது எளிது, பி.எஃப். எண்ணுள்ள ஆளை உருவாக்குவது கடினம். இன்னொரு லாபமும் இருக்கிறது. இன்று கையில் காசு வாங்கிக்கொண்டு, கால் முறிந்தால் கேட்க நாதியில்லாத செட் தொழிலாளி, இந்த விதியால் ஏட்டில் ஏறுவான். என்னைக் கேட்டால், சலுகையைவிட அதுதான் பெரிது.

தகவல் மற்றும் மக்கள் தொடர்புத் துறைக்கு அனுப்பும் மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. கன்னடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது, படிக்க வராதவர்களுக்குப் படித்துச் சொல்லத் தம்பிகள் நிற்கிறார்கள். மொழி மானியத்தைத் தொடாதே, தொழில் சலுகையைக் கூலிப் பட்டியலை வைத்துக் கொடு என்ற இரண்டே கோரிக்கைகள்தான் அதில் உள்ளன. படித்துப் பார்த்துச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கி வாருங்கள்.