பழைய நிலப்படமும் நீருக்குள் போன ஊர்களும்

(கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உன் படிப்பு சம்பந்தமா பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். நான் படித்தது புவியியல். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நடத்தியதும் அதுதான். ஆகவே ஒரு நிலப்படத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில் என் அப்பாவும் வருவார்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு ஒரு பழக்கம். காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் மேட்டூர் அணை நீர்மட்டம் பார்ப்பார். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான். எங்களுக்கோ டெல்டாவில் ஒரு குழி நிலம் கிடையாது. பிறகு எதற்கு? "எம்பது அடிக்குக் கீழ போச்சுன்னா நம்ம களம் வெளிய தெரியும்டா" என்பார். எந்தக் களம், எங்கே இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

மேட்டூர் அணை கதை உங்களுக்குத் தெரியும். 1924-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம். 1925-இல் வேலை தொடங்கி, 1934-இல் முடிந்தது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சாவூர் சீமை செழித்தது. அது பெரிய காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? பழைய நாயம்பாடி, சாம்பள்ளி, பண்ணவாடி, காவிரிபுரம் என்று காவிரியின் இரு கரையிலும் இருந்த ஊர்கள் அந்த இடத்தைக் கொடுத்தன. காவிரிபுரம் சாதாரண ஊர் இல்லை. மைசூர் மேட்டு நாட்டிலிருந்து கீழே இறங்கும் கணவாய்ப் பாதையில் இருந்த கோட்டை ஊர். 1800-இல் பிரான்சிஸ் புக்கானன் அந்த வழியாக வந்து எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் அவ்வளவு பெருமை உடையதல்ல. நாயம்பாடிக்குப் பக்கத்தில் இருபது முப்பது வீடு உள்ள சிற்றூர். அங்கிருந்து வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது அப்பாவுக்கு ஏழு வயது.

இப்போது கல்லூரிக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில்தான் முதன்முதலாக இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட் என் கைக்கு வந்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 63,360-இல் ஒரு பங்கு. மண்நிறத்தில் சம உயரக் கோடுகள், நீலத்தில் நீர், பச்சையில் காடு, மஞ்சளில் விளைநிலம். 50 அடிக்கு ஒரு கோடு, 250 அடிக்கு ஒரு தடித்த கோடு. எங்கள் பேராசிரியர், "கோட்டைப் பாக்காதே, மேட்டைப் பாரு" என்பார். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. மேட்டை நோக்கி வளைந்து போனால் அங்கே ஓடை இருக்கிறது என்று அர்த்தம். பழகிவிட்டால் தாளில் மலை எழும்பி நிற்கும்.

அந்தப் படங்களுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுக்க அளந்துகொண்டு போனார்கள். 1808-இல் அவருடைய அரை டன் தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. மனிதர் சோர்ந்து போகவில்லை. தானே உட்கார்ந்து தட்டி நேராக்கி மறுபடியும் அளந்தார். சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், மலையேறிக் கருவி சுமந்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்தின் ஓரத்திலும் இல்லை.

மேட்டூர்ப் பகுதியின் தாள் எண் 58 ஈ/13. அன்று எங்கள் துறையில் இருந்தது அணைக்குப் பிந்திய பதிப்பு. ஆவலோடு பார்த்தேன். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம். ஒரு எழுத்து இல்லை. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அணையோட முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 790 அடி. பேப்பர்ல அதைத்தான் 120 அடின்னு போடறான். கழிச்சுப் பாரு" என்றார்.

கழித்தேன். 670. ஆக, செய்தித்தாளில் வரும் எண்ணோடு 670-ஐக் கூட்டினால் நீரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு என்று கிடைத்துவிடும். அப்பா சொன்ன எண்பதைக் கூட்டினேன். 750. தாளில் தடித்த கோடு! எங்கள் களம் அந்த 750 அடிக் கோட்டை ஒட்டித்தான் இருக்க வேண்டும். சம உயரக் கோடு என்ற சொல்லையே கேட்டிராத என் அப்பா, நாற்பது வருடமாக அதே கோட்டைத்தான் மனசில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்திருக்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு படிப்பாகப் பட்டது.

வேலைக்குப் போன பிறகு, ஒரு நூலகத்தில் அணைக்கு முந்திய பதிப்பைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. டிரேசிங் தாள் வைத்துப் பென்சிலால் பிரதி எடுத்தேன். நீலம் விரிந்திருந்த இடத்தில் காவிரி ஒல்லியாக, மணல் திட்டுகளோடு போகிறது. கரையோரம் ஊர்ப்புள்ளிகள், கோயில் குறி, கிணற்றுக் குறி, வண்டித்தடம். மேற்கிலிருந்து பாலாறு வருகிறது (இது வேலூர்ப் பாலாறு அல்ல, நம் பக்கத்துப் பாலாறு). எங்கள் ஊர் நான்கு சிவப்புப் புள்ளி. பெயர் ஆங்கில எழுத்தில், வெள்ளைக்காரர் காதில் விழுந்த மாதிரி.

ஊருக்குக் கொண்டுபோய் அப்பா முன்னால் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஆற்றை அவராகவே கண்டுபிடித்தார். விரல் ஆற்றோடு மேலே போனது, ஓர் ஓடை வாயில் நின்றது.

"ஏஞ்சாமி, இந்த ஓடைக்குப் பேரு போடலியே?"

"என்ன பேருங்கப்பா?"

சொன்னார். அந்த ஓடையின் பேர், அது கூடுகிற மடுவின் பேர், மடுவுக்கு மேலே பாறையின் பேர், மாடு இறங்கும் துறையின் பேர். காட்டுக்கு ஒரு பேர், மேட்டுக்கு ஒரு பேர், புளியமரத்துக்குக்கூட ஒரு பேர். அரசாங்கப் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. படம் போட்டவர்களுக்குப் படை போகும் வழியும் வரி வரும் நிலமும் தெரிந்தால் போதும்; எங்கள் பாட்டி துவைத்த பாறை எதற்கு? நான் பதினொரு பெயர் எழுதிக்கொண்டேன். மறுநாள் பள்ளி திறக்கிறது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "பொங்கல் லீவுல வந்து மீதிய எழுதிக்கறேங்கப்பா" என்றேன். "சரி, வா" என்றார்.

பொங்கலுக்கு முன்பே அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. படத்தை விரித்துக் காட்டினேன். விரல் வைத்தார். வாய் அசைந்தது. பெயர் வரவில்லை. பதினொன்று பதினொன்றாகவே நின்றுவிட்டது. ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்த பேருந்தில் போயிருக்கலாம். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

2017 கோடையில் அணை மட்டம் 30 அடிக்கும் கீழே போனது. 670-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 700 அடிக் கோடு வரை தரை தெரிகிறது என்று அர்த்தம். அந்தப் பென்சில் பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியையும் பழைய தேவாலயக் கோபுரத்தையும் பார்க்கக் கூட்டம். நான் வேறு பக்கம் நடந்தேன். எண்பது வருட வண்டல் மூடி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சுவர் அடித்தளம் ஒன்றிரண்டு தென்பட்டது. எது எங்கள் களம் என்று சொல்ல என்னிடம் படம் இருந்தது, ஆள் இல்லை. அடுத்த வருடம் ஜூலையில் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது.

மாணவ மணிகளே, இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அந்தக் காலத்தில் ஒரு டோப்போஷீட் வாங்குவது பெரும் பாடு. 2017 முதல் நில அளவைத் துறையே 50,000-இல் ஒரு பங்குப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2021-இல் விதிகள் இன்னும் தளர்ந்தன. 1950-களில் அமெரிக்க இராணுவம் அச்சிட்ட கால் அங்குலப் படங்களைக்கூட ஒரு பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. செயற்கைக்கோள் படமோ உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. படத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் செயற்கைக்கோள் இன்றைய மேற்பரப்பைக் காட்டும்; 1934-க்கு முந்தைய காவிரிக்கரையைக் காட்டாது. பழைய தாள் ஓடையைக் காட்டும். அதன் பெயரைச் சொல்லாது. பெயர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் இருக்கிறது. அணை கட்டினால்தான் ஊர் மறையும் என்றில்லை. மனை போட்டாலும் ஓடை மறையும். அது ஓடை என்று ஊருக்கு மறந்து போனாலும், பெருமழை அன்றைக்குத் தண்ணீருக்கு மறக்காது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த விடுமுறையில் உங்கள் ஊர்த் தாளைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுங்கள். தாத்தா பாட்டி முன்னால் விரியுங்கள். வடக்கு தெற்கு என்று விளக்க வேண்டாம். கோயிலையும் ஆற்றையும் மட்டும் காட்டுங்கள், மற்றதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சொல்லும் பெயரைச் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். சொன்னவர் வயதையும் எழுதின தேதியையும் ஓரத்தில் குறியுங்கள். எல்லாத் தெருவிலும் கேளுங்கள். ஒரே பாறைக்குத் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும், அத்தனையும் வேண்டும்.

என் பென்சில் பிரதியைப் பதினொரு பெயர்களோடு இன்று நம் புவியியல் துறைக்குக் கொடுக்கிறேன். பக்கத்தில் உங்கள் தாள்களும் சேரட்டும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த அலமாரியைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

மீதியை அடுத்த லீவில் எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.